ஸ்டேடியத்துக்கு எதற்கு இவ்வளவு நீளச் சுவர்?

புது ஸ்டேடியம் என்றாலே எல்லோர் கண்ணும் கூரைமேல்தான். நான் பார்ப்பது தரைத்தளத்தை. ஒரு கால்பந்து கிளப்பின் சொந்த மைதானத்தில் வருடத்துக்கு 30 ஆட்டம் நடந்தாலே அதிகம். மற்ற நாளெல்லாம் அந்தப் பக்கம் நடப்பவருக்குப் பூட்டிய கேட்டும் மொட்டைச் சுவரும்தான்.

கேட்டால் பாதுகாப்பு என்பார்கள். சரி, கணக்கே போடுவோம். பிரிட்டனின் மைதானப் பாதுகாப்பு வழிகாட்டிப்படி, ஒரு மீட்டர் அகல வழியில் சமதளமென்றால் நிமிடத்துக்கு 82 பேர், படிக்கட்டென்றால் 66 பேர் வெளியேறலாம். கூட்டம் கலைய அதிகபட்சம் 8 நிமிடம். படிக்கட்டுக் கணக்கிலேயே 40,000 பேருக்கு 76 மீட்டர் போதும். ஒரு வழி அடைபட்டால், ஆம்புலன்ஸ் வந்தால் என்று தாராளமாக 150 வையுங்கள். சுற்றளவோ 600 மீட்டர் வரும். மிச்சம் 450 மீட்டர் ஏன் சுவராகவே நிற்க வேண்டும்?

கேலரிக்கு அடியில், தெருவைப் பார்த்த பக்கம்தான் உயரம் கிடைக்கும். நூலகம், கிளினிக், கடை எல்லாம் அங்கே அடங்கும். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்தில் 2001-ல் திறந்த செயின்ட் ஜேக்கப் பார்க்கில் வணிக வளாகமும் முதியோர் குடியிருப்பும் ஸ்டேடியத்தோடு ஒட்டியே இருக்கின்றன.

சொதப்புவது எங்கே என்றால், பெரும்பாலும் எக்ஸ்பான்ஷன் ஜாயின்டில், அதாவது வெயிலில் கான்கிரீட் விரிவதற்காக விட்டிருக்கும் இடுக்கில். ஆட்டம் முடிந்து கேலரியைக் கழுவிவிடுகிற தண்ணீர் அந்த இடுக்கில் இறங்கிக் கீழே கடையின் சீலிங்கில் சொட்டும். மேலே சீலன்ட் என்கிற அடைப்புப் பசையை அப்பினால் ஒன்றிரண்டு கோடை தாங்கும், பிறகு வெடிக்கும். இடுக்குக்கு அடியில் சரிவான வடிகால் தட்டு, அதைச் சுத்தம் செய்ய ஆள் கை நுழையும் வழி: இரண்டும் வரைபடத்திலேயே வேண்டும். கடைச் சீலிங்கை கேலரி உத்தரத்தில் நேராகத் தொங்கவிட்டால் கூட்டம் குதிக்கும்போது விளக்கெல்லாம் ஆடும். அதிர்வை வாங்கிக்கொள்ளும் ரப்பர் ஹேங்கரில் தொங்கவிடுவது கட்டாயம். கழிவறையும் மின் மீட்டரும் தனி. இல்லாவிட்டால் நூலகம் திறக்க முழு ஸ்டேடியத்துக்கும் லைட் போட வேண்டியதுதான்! டிக்கெட் சோதனையை மேல்தளத்துக்கு ஏற்றிவிட்டால் ஆட்ட நாளிலும் கீழே தெரு தெருவாகவே இருக்கும்.

இத்தனையும் செய்துவிட்டு சுற்றிலும் பார்க்கிங் போட்டால் எல்லாம் வீண். வந்துபோகும் பாதையோடு காருக்கு 25 சதுர மீட்டர். 10,000 கார் என்றால் 35 கால்பந்து மைதானம் அளவு தார்த்தரை. அதைத் தாண்டி ஒரு பாக்கெட் பால் வாங்க யார் நடந்து வருவார்கள்?