அனுமார் வாலும் கடைமடை செர்வரும்

டெல்டாவில் ஓர் அரிசி ஆலையிலோ ஆஸ்பத்திரியிலோ நகைக்கடன் நிறுவனத்திலோ போய் "ஸ்டாண்ட்பை செர்வர் இருக்கா?" என்று கேட்டால், "அதோ இருக்கே" என்று அதே அறையில், அதே யூபிஎஸ்ஸில் செருகியிருக்கும் இரண்டாவது பெட்டியைக் காட்டுவார்கள். ஸ்டாண்ட்பை என்றால், ஓடுகிற செர்வர் விழுந்தால் அதன் இடத்தை எடுக்கத் தயாராக நிற்கும் நகல். டிஸ்க் செத்தால் அது காப்பாற்றும், மறுக்கவில்லை. ஆனால் நம்ம பக்கம் டிஸ்க் சாவதைவிட அதிகம் நடப்பது கரண்ட் போவதும் இன்டர்நெட் லைன் போவதும். ஐப்பசி, கார்த்திகையில் இரண்டும் சேர்ந்தே போகும். 2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கஜா கரையேறியபின் பல கிராமங்களுக்குக் கரண்ட் வர வாரக்கணக்கில் ஆனது. டேட்டாவை இன்னொரு செர்வருக்கு உடனுக்குடன் நகலெடுக்கும் ரெப்ளிகேஷன் பற்றிய பாடங்களோ, லைன் நாலு நிமிஷம் போய் வரும் என்று நினைத்து எழுதப்பட்டவை. என் கட்சி ஒன்றுதான்: இங்கே லைன் நாள்கணக்கில் வராது என்று வைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு எண்ணையும் போட வேண்டும்.

போஸ்ட்கிரெஸ் என்கிற டேட்டாபேஸ் மென்பொருளின் ஸ்ட்ரீமிங் ரெப்ளிகேஷனை வைத்தே சொல்கிறேன். அமைப்புகளின் பெயரை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன், திரையில் பார்த்ததும் அடையாளம் தெரியும்.

முதலில் இடம். தஞ்சாவூர் செர்வருக்குக் கும்பகோணத்தில் ஸ்டாண்ட்பை வைப்பதில் பிரயோஜனம் இல்லை, ஒரே புயல் இரண்டையும் பார்த்துவிடும். சென்னை என்பார்கள். அதுவும் அதே வடகிழக்குப் பருவமழையில் நனைகிற ஊர்தான்: 2015 டிசம்பர் வெள்ளம், 2016 டிசம்பர் 12 வர்தா. கோயம்புத்தூரில் தெரிந்த அலுவலகம் இருந்தால் அங்கே வையுங்கள், இல்லாவிட்டால் மும்பை, ஹைதராபாத்தில் கிளவுட் எடுங்கள்.

உடனே ஒரு முட்டுக்கட்டை வரும். போஸ்ட்கிரெஸ்ஸில் ஸ்டாண்ட்பைதான் பிரைமரியை, அதாவது ஆலையில் ஓடும் அசல் செர்வரை, கூப்பிடும். சின்ன ஊர் பிராட்பேண்டில் பெரும்பாலும் சொந்தமாகப் பப்ளிக் ஐபி கிடைக்காது. பல வீடுகளுக்கு ஒரே ஐபியைப் பங்கு போட்டுக் கொடுத்திருப்பார்கள், வெளியிலிருந்து உள்ளே வர வழியே இருக்காது. ஆகவே ஆலை பக்கமிருந்து கிளவுடுக்கு வயர்கார்ட் டனல், அதாவது பூட்டிய தனிப்பாதை, ஒன்றைப் போட்டு, பாதை மூடிவிடாமல் தட்டிக்கொண்டிருக்கும் பெர்சிஸ்டன்ட் கீப்அலைவை 25 வினாடி என்று வைத்துவிடுங்கள். ஸ்டாண்ட்பை அந்த டனலுக்குள்ளேயே பிரைமரியைக் கூப்பிடட்டும். போஸ்ட்கிரெஸ்ஸின் 5432 போர்ட்டை இணையத்துக்குத் திறந்துவிடும் யோசனை யாருக்காவது வந்தால் அன்றைக்கு அவருக்கு லீவு கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

அமைக்கிற வேலை சுலபம். இரண்டு பக்கமும் ஒரே மேஜர் பதிப்பு, ஒரே ஓஎஸ் பதிப்பு. பிரைமரியில் ரெப்ளிகேஷன் உரிமையோடு ஒரு யூசர். யார் உள்ளே வரலாம் என்று சொல்லும் பிஜி_ஹெச்பிஏ கோப்பில் அவருக்கு ஒரு வரி. முதல் தடவை செய்கிற பத்துப் பேரில் எட்டுப் பேர் தடுக்கி விழுவது இந்த வரியில்தான். டேட்டாபேஸ் என்கிற இடத்தில் "ஆல்" என்று போட்டால் எல்லாம் அடங்கும் என்று நினைப்போம், ரெப்ளிகேஷன் மட்டும் அடங்காது. "ரெப்ளிகேஷன்" என்று அந்த வார்த்தையையே எழுதி ரீலோட் செய்ய வேண்டும்.

பிறகு ஸ்டாண்ட்பையில் காலி ஃபோல்டரை வைத்துக்கொண்டு, பிரைமரியை முழுசாக நகலெடுக்கும் பிஜி_பேஸ்பேக்கப். மைனஸ் பெரிய ஆர் போட்டால் ஸ்டாண்ட்பை.சிக்னல் கோப்பையும் இணைப்பு விவரத்தையும் அதுவே எழுதிவிடும். பெரிய சி, பெரிய எஸ் இரண்டும் சேர்ந்தால் ஸ்லாட்டையும் உருவாக்கித் தரும், அது என்ன என்று கீழே சொல்கிறேன். நினைவகத்தில் உள்ள மாற்றங்களை டிஸ்க்கில் இறக்கும் செக்பாயின்ட்டை ஃபாஸ்ட் என்று சொல்லாவிட்டால் கொஞ்ச நேரம் அசையாமல் நிற்கும், தொங்கிவிட்டது என்று பயந்து நிறுத்த வேண்டாம். பழைய குறிப்பைப் பார்த்து ரெகவரி.கான்ஃப் எழுதாதீர்கள். 12ஆம் பதிப்போடு அது போயிற்று, அந்தக் கோப்பு இருந்தால் செர்வர் கிளம்பவே கிளம்பாது.

லைனில் அப்லோட் 10 எம்பிபிஎஸ் என்றால் மணிக்கு நாலரை ஜிபிதான் போகும். 100 ஜிபி டேட்டாபேஸுக்கு 22 மணி நேரம், அதுவும் நடுவில் அறுந்தால் முதலிலிருந்து. இதற்கு டிஸ்க்கைப் பூட்டுப்போட்டு, அதாவது என்கிரிப்ட் செய்து, ராத்திரி பஸ்ஸில் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோவது மேல். கேலிக்குச் சொல்லவில்லை. கிளம்பும் முன் ஸ்லாட்டை உருவாக்கி, உடனே பிடித்துவைக்கும்படி இரண்டாவது மதிப்பில் ட்ரூ கொடுத்துவிட்டால், டிஸ்க் போய்ச் சேரும்வரை தேவையான வால் கோப்புகள் பிரைமரியில் பத்திரமாக இருக்கும்.

வால். ஒவ்வொரு மாற்றத்தையும் முதலில் குறித்துவைக்கும் பதிவேடான ரைட் அஹெட் லாக் என்பதன் முதலெழுத்துகள்தான், ஆனால் தமிழில் இந்தப் பெயர் இவ்வளவு பொருந்தும் என்று வைத்தவர்களுக்குத் தெரிந்திருக்காது. ஸ்லாட் என்பது "இந்த ஸ்டாண்ட்பை இன்னும் வாங்காத வாலை அழிக்காதே" என்று பிரைமரிக்குப் போடும் உத்தரவு. லைன் போனால் ஸ்டாண்ட்பை வாங்காது, பிரைமரி அழிக்காது. ஜெனரேட்டர் ஓடும், வே பிரிட்ஜில் லாரி ஏறும், பில் விழும், அனுமார் வால் மாதிரி பிஜி_வால் ஃபோல்டர் 16 எம்பி 16 எம்பியாக நீண்டுகொண்டே போகும். மேக்ஸ்_ஸ்லாட்_வால்_கீப்_சைஸ் என்கிற வரம்பு 13ஆம் பதிப்பிலிருந்து இருக்கிறது, அதன் ஆரம்ப மதிப்போ மைனஸ் 1, அதாவது வரம்பே கிடையாது. கடைசியில் டிஸ்க் நிறைந்து, எங்கோ இருக்கும் ஸ்டாண்ட்பைக்காக இங்கே நன்றாக ஓடிய பிரைமரி பேனிக் என்று எழுதிவிட்டு விழும். இலங்கை எரிந்தது வாலால்தான்.

வரம்பு எவ்வளவு? ஊகிக்க வேண்டாம், அளக்கலாம். இன்று காலை 9 மணிக்கு, வால் எதுவரை நீண்டிருக்கிறது என்று சொல்லும் எண்ணான எல்எஸ்என்னைப் பிஜி_கரண்ட்_வால்_எல்எஸ்என் கொடுத்து எடுங்கள், நாளை அதே நேரம் எடுங்கள், பிஜி_வால்_எல்எஸ்என்_டிஃப் கொடுத்தால் ஒரு நாள் வால் எத்தனை பைட் என்று தெரியும். ஆனி மாசம் ஆலை சும்மா இருக்கும்போது அளந்து ஏமாறாதீர்கள், குறுவை அறுவடையில் மூட்டை குவிகிற நாளில் அளக்க வேண்டும். உதாரணத்துக்கு அது 6 ஜிபி என்று வைப்போம். 7 நாள் லைன் இல்லாமல் தாங்க 42 ஜிபி, கொஞ்சம் தாராளமாக 60 என்று வரம்பு போடலாம், டிஸ்க்கில் அதற்கு மேலும் கணிசமாக இடம் இருந்தால். லைன் வந்தபின் அந்த 42 ஜிபி போய்ச்சேர 10 எம்பிபிஎஸ்ஸில் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதையும் கணக்கில் வையுங்கள். வால்_கம்ப்ரெஷனை ஆன் செய்து, செக்பாயின்ட்_டைம்அவுட்டை 5 நிமிஷத்திலிருந்து 15, 20 என்று தள்ளினால் வால் அளவு இறங்கும். ஒவ்வொரு செக்பாயின்ட்டுக்குப் பிறகும் முதல் தடவை தொடும் பக்கத்தை முழுசாக எழுதுவதால் வரும் ஊதல் அது. செர்வர் திடீரென்று விழுந்தால் எழுந்திருக்கக் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடிக்கும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

வரம்பைத் தாண்டினால் ஸ்லாட்டின் வால்_ஸ்டேட்டஸ் எக்ஸ்டென்டட், அன்ரிசர்வ்ட் என்று இறங்கி லாஸ்ட் ஆகிவிடும். ஸ்டாண்ட்பை லாகில் "கேட்ட வால் செக்மென்ட் ஏற்கெனவே நீக்கப்பட்டது" என்று வரும். அப்போது கைகொடுப்பது ஆர்க்கைவ்தான். ஆர்க்கைவ்_கமாண்டால் ஒவ்வொரு வால் கோப்பையும் அலுவலகத்திலேயே வேறொரு டிஸ்க்கில் நகலெடுத்து வைத்திருந்தால், ஸ்டாண்ட்பையின் ரீஸ்டோர்_கமாண்ட் டனல் வழியே அங்கிருந்து எடுத்துக்கொண்டு விட்ட இடத்திலிருந்து தொடரும், பஸ் ஏற வேண்டாம். ஆனால் ஆர்க்கைவ் டிஸ்க் இருக்கும் பெட்டி கரண்ட் வந்தபின் எழவில்லை என்றால் கமாண்ட் தோற்கும், தோற்றால் பிரைமரி அந்த வாலையும் அழிக்காது. ஸ்லாட்டுக்குப் போட்ட வரம்பு இதைக் கட்டுப்படுத்தாது. பிஜி_ஸ்டாட்_ஆர்க்கைவரில் தோல்வி எண்ணிக்கை ஏறுகிறதா என்று தினமும் பார்ப்பவர் ஒருவர் வேண்டும்.

டிஸ்க் நிறைந்துவிட்டால் பிஜி_வால் ஃபோல்டருக்குள் போய் "பழைய கோப்புதானே" என்று கையால் அழிக்கவே கூடாது. டேட்டாபேஸ் எழவே எழாமல் போவது அப்படித்தான். அதே பார்ட்டிஷனில் 2 ஜிபிக்கு ஒரு வெத்துக் கோப்பை முன்கூட்டியே போட்டு வையுங்கள். அவசரத்தில் அதை அழித்தால் செர்வரைக் கிளப்ப இடம் கிடைக்கும். கிளம்பியதும் ஸ்லாட்டை டிராப் செய்து செக்பாயின்ட் கொடுத்தால் வால் தானே சுருங்கும்.

லேக், அதாவது ஸ்டாண்ட்பை எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்று பார்ப்பதற்கு வருவோம். மேட்டூரில் திறந்ததும் கடைமடை வயலில் தண்ணீர் நிற்காது என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. பிஜி_ஸ்டாட்_ரெப்ளிகேஷனில் நாலு எண் இருக்கும். பிரைமரி எதுவரை அனுப்பியது என்று காட்டும் சென்ட் மேட்டூர் மதகு. ஸ்டாண்ட்பை வாங்கி எழுதிய ரைட் முக்கொம்பு, டிஸ்க்கில் உறுதியாக இறங்கிய ஃப்ளஷ் கல்லணை, டேட்டாபேஸில் ஏறிய ரீப்ளே கடைமடை. மேட்டூரிலேயே நின்றால், அதாவது பிரைமரியின் தற்போதைய எண்ணைவிட சென்ட் பின்தங்கினால், லைன் பத்தவில்லை. ஃப்ளஷ் ஆகாமல் நின்றால் ஸ்டாண்ட்பையின் டிஸ்க் சோம்பேறி. கல்லணைவரை வந்து கடைமடைக்குப் போகவில்லை என்றால் நடுவே யாரோ மடையை அடைத்திருக்கிறார்கள்: ஸ்டாண்ட்பையில் ஓடும் ஒரு நீள ரிப்போர்ட்.

அந்த ரிப்போர்ட்டுக்கு 30 வினாடி அவகாசம் கொடுத்துப் பிறகு "ரெகவரியோடு மோதுகிறது" என்று போஸ்ட்கிரெஸ் வெட்டிவிடும். அவகாசத்தை அரை மணி ஆக்கினால் ஸ்டாண்ட்பை அரை மணி பின்தங்கும். ஹாட்_ஸ்டாண்ட்பை_ஃபீட்பேக்கை ஆன் செய்தால் பிரைமரியில் செத்த வரிசைகள் சுத்தமாகாமல் டேபிள் ஊதும். ஜிஎஸ்டி கணக்குப் பார்ப்பவருக்குத் தனியாக ஒரு ஸ்டாண்ட்பை கொடுங்கள், புயலுக்காக வைத்திருப்பதை அவர் தொட வேண்டாம்.

ராத்திரி 2 மணிக்கு "லேக் மூன்று மணி நேரம்" என்று அலாரம் வந்தால் பதறாதீர்கள். இப்போதைய நேரத்திலிருந்து கடைசியாக ரீப்ளே ஆன டிரான்சாக்ஷனின் நேரத்தைக் கழிக்கும் கணக்கு அது. ஆலை மூடியபின் புது டிரான்சாக்ஷனே இல்லையென்றால் அந்த எண் சும்மா ஏறிக்கொண்டிருக்கும். வாங்கிய எல்எஸ்என்னும் ரீப்ளே ஆன எல்எஸ்என்னும் ஒன்றாக இருந்து, இணைப்பும் உயிரோடு இருந்தால் போய்த் தூங்கலாம்.

ஸ்டாண்ட்பை "வாங்கிவிட்டேன்" என்று சொன்ன பிறகே பில்லை முடிக்கும் சிங்க்ரனஸ் வேண்டாமா என்று முதலாளிகள் கேட்பார்கள், "ஒரு பில்கூடப் போகக் கூடாது" என்பார்கள். தூரத்து ஒற்றை ஸ்டாண்ட்பையைச் சிங்க்ரனஸ் ஆக்கினால், லைன் போன நிமிஷம் இங்கே ஒவ்வொரு கமிட்டும் பதிலுக்குக் காத்து நிற்கும். லாரி வே பிரிட்ஜ் மேலேயே நிற்கும், சீட்டு வராது. ஆலைக்கு, பதிலுக்குக் காத்திராத அசிங்க்ரனஸ் போதும். போகக்கூடிய சில வினாடி பில்லைக் கையிலிருக்கும் சீட்டுப் பிரதியிலிருந்து திரும்ப அடித்துக்கொள்ளலாம். நகைக்கடன் நிறுவனம் என்றால் உள்ளூரில் இரண்டு ஸ்டாண்ட்பை வைத்து "ஏதாவது ஒன்று" என்று சிங்க்ரனஸ் போட்டு, தூரத்தில் உள்ளதை அசிங்க்ரனஸாக விடுங்கள்.

சத்தம் போடாத கோளாறு ஒன்று உண்டு. பிரைமரி உபுண்டு 18.04, ஸ்டாண்ட்பை புதுசு என்று 22.04. ரெப்ளிகேஷன் ஒரு குறையும் காட்டாது. நடுவில் லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சி 2.28இல் எழுத்துகளை வரிசைப்படுத்தும் விதி மாறிவிட்டது, தேடுவதற்கான இண்டெக்ஸோ பழைய விதிப்படி அடுக்கியது. ஸ்டாண்ட்பையை ப்ரமோட் செய்த, அதாவது பிரைமரி ஆக்கிய, அன்று விவசாயி பெயரைத் தேடினால் கிடைக்காது, டேபிளில் இருப்பார். இரண்டாம் தடவை சேர்த்தால் யூனிக் இண்டெக்ஸ்கூட விட்டுவிடும். ஒரே ஓஎஸ் என்று மேலே எழுதியது இதற்காகத்தான். மாட்டிக்கொண்டால் ப்ரமோட் ஆனவுடன், ஆட்களை உள்ளே விடும் முன், எழுத்து இண்டெக்ஸ் எல்லாவற்றையும் ரீஇண்டெக்ஸ் செய்ய வேண்டும். ஒரே நேரத்தில் எத்தனை இணைப்பு என்கிற மேக்ஸ்_கனெக்ஷன்ஸை ஏற்றும்போது முதலில் ஸ்டாண்ட்பையில் ஏற்றுங்கள், குறைக்கும்போது முதலில் பிரைமரியில். மாற்றிச் செய்தால் 14ஆம் பதிப்பிலிருந்து ரீப்ளே அப்படியே நின்றுவிடும், அதற்கு முந்தையவற்றில் ஸ்டாண்ட்பையே படுத்துவிடும்.

இதெல்லாம் இருந்தாலும் பேக்கப் தனியாக வேண்டும். இங்கே யாரோ தவறுதலாக டிராப் செய்த டேபிள், லைன் நன்றாக இருந்தால் ஒரு வினாடிக்குள் அங்கேயும் டிராப் ஆகிவிடும்.

ப்ரமோட் செய்வது ஒரே வரி, பிஜி_ப்ரமோட். எப்போது என்பதில்தான் குடும்பம் இரண்டாகும். லைன் மட்டும் அறுந்து ஆலை ஜெனரேட்டரில் ஓடிக்கொண்டிருக்கும்போது கோயம்புத்தூரில் இருப்பவர் "பிரைமரி போச்சு" என்று ப்ரமோட் செய்தால், இங்கே ஒரு கணக்கு, அங்கே ஒரு கணக்கு. இரண்டையும் சேர்க்கும் கட்டளை எதுவும் கிடையாது, உட்கார்ந்து கையால்தான் சேர்க்க வேண்டும். ஆகவே ஆள் இல்லாமல் தானே ப்ரமோட் ஆகும் தானியங்கி ஃபெயில்ஓவர் இந்த மாதிரி இரண்டு பெட்டி அமைப்புக்கு வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஆலையில் நேரில் நிற்கும் ஓர் ஆள் போனில் "பெட்டி அணைந்திருக்கிறது, கேபிளைப் பிடுங்கிவிட்டேன்" என்று சொன்ன பிறகே ப்ரமோட். கேபிள் ஏன் என்றால், கரண்ட் வந்ததும் தானே எழும்படி பயாஸில் வைத்திருப்போம். பழைய பிரைமரி எழும், போஸ்ட்கிரெஸ் எழும், பில்லிங் கம்ப்யூட்டர்கள் பழக்கப்பட்ட ஐபிக்கே போய் எழுத ஆரம்பிக்கும்.

அந்தப் பழைய பிரைமரியை ஸ்டாண்ட்பையாகத் திரும்பச் சேர்க்கப் பிஜி_ரிவைண்ட் உதவும், முன்பே வால்_லாக்_ஹிண்ட்ஸோ டேட்டா செக்சமோ ஆனில் இருந்திருந்தால். இன்றைக்கே பார்த்துக்கொள்ளுங்கள், புயலுக்குப் பிறகு ஆன் செய்து பயனில்லை.

ஒத்திகைக்கு ஆடி மாசம் தோது. குறுவை வயலில் நிற்கும், ஆலையில் கூட்டம் இருக்காது, எப்படியும் ஆடியில் யாரும் புதுசாக எதையும் தொடங்கமாட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரைமரியை நிறுத்தி, ஸ்டாண்ட்பையை ப்ரமோட் செய்து, ஒரு கம்ப்யூட்டரை அதற்குத் திருப்பி, நிஜமாகவே ஒரு பில் அடித்துப் பாருங்கள். பிரிண்டர்வரை போக வேண்டும். முடிந்தபின் பிரைமரியைத் திரும்பக் கிளப்பி, அந்த ஸ்டாண்ட்பையை அழித்துப் புதிதாகப் பேஸ்பேக்கப் எடுப்பீர்கள், புதுப் பெயரில் ஸ்லாட் வரும். அன்றே பிரைமரியில் பிஜி_ரெப்ளிகேஷன்_ஸ்லாட்ஸ் பட்டியலைத் திறந்தால் ஆக்டிவ் என்ற இடத்தில் எஃப் என்று பழைய பெயர் ஒன்று நிற்கும். அதை டிராப் செய்துவிட்டுக் கிளம்புங்கள், வால் அதைப் பிடித்துக்கொண்டுதான் வளரும்.