கூரையில்லாத சாய்தளம்

சென்ற மே மாதம் அம்மாவை ஓய்வூதிய வேலையாக ஓர் அலுவலகத்துக்கு அழைத்துப் போனேன். பக்கவாதம் வந்ததிலிருந்து அவளுக்குச் சக்கர நாற்காலிதான். வாசலில் சாய்தளம் இருந்ததைப் பார்த்ததும் மகிழ்ந்தேன். பாதி வழியில் நாற்காலி சற்றுப் பின்னுக்கு நழுவ, அம்மா எவர்சில்வர் கைப்பிடியைப் பற்றினாள். பற்றிய வேகத்தில் கையை உதறினாள். மணி பன்னிரண்டரை. "தோசைக்கல்லையா கம்பியாக நீட்டி வைத்திருக்கிறார்கள்?" என்றாள்.

வேலை முடிந்து வெளியே வந்தால் கோடை மழை. சாய்தளம் முழுக்க மெருகேற்றிய கிரானைட். "மழை விடட்டும் சார், போன வாரம்தான் ஒருவர் விழுந்தார்" என்றார் காவலாளி. முக்கால் மணி நேரம் காத்திருந்தோம்.

ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் என்ற கணக்கை நம் பொறியாளர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். வழுக்காத தரை வேண்டும் என்றும் வழிகாட்டுதல்களில் இருக்கிறது. ஆனால் சாய்தளத்துக்கு மேலே கூரை எங்கே என்று கேட்டு வரைபடத்தைத் திருப்பி அனுப்பிய அதிகாரியை நான் பார்த்ததில்லை. வெயிலும் மழையும் மாறி மாறி அடிக்கும் ஊரில் கூரையில்லாத சாய்தளம் பாதிச் சாய்தளம்தான்.

இதைவிடப் பெரிய சிக்கல் பேஸ்மட்டம். 2015 வெள்ளத்தைப் பார்த்த சென்னைக்காரர் யாரும் வீட்டைத் தாழ்வாகக் கட்டத் துணிவதில்லை. மூன்றடி உயர்த்தினால் சாய்தளத்துக்கு 36 அடி நீளம் வேண்டும்; நடுவில் இளைப்பாறும் சமதளம் தனி. அரை கிரவுண்டு மனையில் அதற்கு எங்கே போவது? எனவே படிகள் வைக்கிறார்கள், அவையும் நடைபாதையில் வந்து இறங்குகின்றன. வீட்டுக்காரரைத் திட்டுவது எளிது. பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதுச் சாலை போட்டுப் போட்டு வாசலைப் பள்ளமாக்கியது யார்? மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய சாலை போட வேண்டும் என்று அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு 2021இல் அறிவுறுத்தினார். அது வெள்ளத்துக்கான உத்தரவு என்றே பலரும் நினைத்தார்கள். என்னைக் கேட்டால் சக்கர நாற்காலிக்கான உத்தரவும் அதுதான். தெருவின் மட்டம் நிலையாக இருந்தால்தான் வாசலின் மட்டத்தைப் பற்றிப் பேசவே முடியும்.

சிங்கப்பூரில் 1822ஆம் ஆண்டிலேயே ஆங்கிலேய நிர்வாகி ராஃபிள்ஸ், கடைவீடுகளின் முன்னால் கூரையிட்ட நடைவழி தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்று விதித்தார். சிராங்கூன் சாலையில் இன்றும் அந்த 'ஐந்தடி' வழியில் நனையாமல் நடக்கலாம். ஆனால் கடைக்குக் கடை தரைமட்டம் மாறுவதால் சக்கரம் உருளாது! நிழல் கொடுத்தவர்கள் மட்டத்தை மறந்தார்கள். நாம் மட்டத்தைக் கொடுத்து நிழலை மறந்தோம். (நம் திண்ணையைப் பற்றி உருகுபவர்களுக்கும் ஒரு வார்த்தை: அதற்கு ஏறப் படி உண்டு.) மட்டத்தை மறந்த அதே சிங்கப்பூர் 1990இல் தடையற்ற கட்டடங்களுக்கான விதித்தொகுப்பையும் கொண்டுவந்தது.

மெரினாவில் 2022 நவம்பர் 27 அன்று 263 மீட்டர் நீள மரப்பாதை திறக்கப்பட்டது. சக்கர நாற்காலியில் இருந்தபடி அலையைப் பார்த்தவர்களின் முகங்கள் இன்னும் நினைவில் இருக்கின்றன. இரண்டு வாரம்கூட ஆகவில்லை, மாண்டஸ் புயலில் அந்தப் பாதையின் கடலோரப் பகுதி சேதமடைந்தது. "வீண் செலவு" என்று கேலி செய்தார்கள். புயலில் சாலையும்தான் பெயர்கிறது. சாலையே வேண்டாம் என்று யாராவது சொன்னார்களா? பிறகு அதைச் சீரமைத்தார்கள்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, பொதுக் கட்டடங்களை விதிகள் வெளியான ஐந்தாண்டுக்குள் மாற்றுத்திறனாளிகள் தடையின்றிப் புழங்கும்படி மாற்றியிருக்க வேண்டும். விதிகள் வந்தது 2017 ஜூனில். கெடு முடிந்துவிட்டது. 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், வெறும் பரிந்துரையாக இருக்கும் வழிகாட்டுதல்கள் சட்டத்துக்கே முரண் என்று சொல்லி, கட்டாயத் தரங்களை மூன்று மாதத்தில் வகுக்கச் சொன்னது. அந்தத் தரங்களில் சாய்வின் அளவுக்குப் பக்கத்திலேயே கூரை, சொரசொரப்பான கல், சூடேறாத கைப்பிடி, நீர் வடியும் பள்ளம் ஆகியவையும் கட்டாயமாக இருக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

இன்னொரு கையெழுத்துக்காக அடுத்த வாரம் மறுபடியும் அங்கே போக வேண்டும். கைப்பிடியில் சுற்றுவதற்கென்று ஒரு பழைய துண்டை அம்மா இப்போதே எடுத்து வைத்துவிட்டாள்.