பவுல் எதை விட்டார்?
கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டவருக்குப் பழைய அடையாளம் எதுவுமே மிஞ்சாது என்று இங்குள்ள கட்டுரையின் ஆசிரியர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அவர் ஆதாரம் காட்டும் பவுலே, யூதராகப் பிறந்து கிறிஸ்துவின் அப்போஸ்தலரான அந்தப் பவுலே, அப்படி வாழவில்லையே! வேதாகமத்தில் பிலிப்பியர் 3-இல் இஸ்ரவேலின் பென்யமீன் கோத்திரம், யூதச் சட்டத்தைக் கண்டிப்பாகக் கைக்கொள்ளும் பரிசேயன் என்ற பெருமைகளையெல்லாம் நஷ்டமென்று தள்ளிய அதே மனிதர், ரோமர் 11:1-இல் தானும் இஸ்ரவேலன்தான் என்கிறார்; அப்போஸ்தலர் 22-இல் சவுக்கடிக்குக் கட்டப்படும்போது ரோமக் குடியுரிமையைச் சொல்லித் தப்புகிறார். தேவனுக்கு முன் நீதிமானாக நிற்க இவை போதும் என்ற நம்பிக்கையைத்தான் அவர் விட்டார். வேலை பறிபோன சமயத்தில் இது எனக்கு நன்றாகவே உறைத்தது. பதவியைச் சொல்லாமல் என்னை அறிமுகம் செய்துகொள்ளக் கூசிய அந்த நாட்களில், 'நான் இருக்கிறது தேவகிருபையினாலே' என்ற 1 கொரிந்தியர் 15:10 வசனம்தான் தாங்கிப் பிடித்தது. பிறகு வேறு வேலை கிடைத்தது, விரும்பியே செய்கிறேன். அது போய்விட்டால் நான் யார் என்ற நடுக்கம் மட்டும் இல்லை. மேலே கருத்து எழுதிய ஒரு வாசகர், 'யூதனென்றும் கிரேக்கனென்றுமில்லை' என்ற கலாத்தியர் 3:28 எல்லா வேறுபாட்டையும் அழித்துவிட்டது என்கிறார். நண்பரே, அங்கே விழுவது உயர்வு தாழ்வு. வெளிப்படுத்தின விசேஷம் 7:9-இல் சிங்காசனத்துக்கு முன் நிற்பவர்களும் பல ஜாதி (அதாவது பல தேசத்தார்), பல கோத்திரம், பல பாஷைக்காரர்களாகத்தானே நிற்கிறார்கள்?