கப்பலை அறிந்திருப்பது காட்டிக்கொடுப்பு ஆகாது

நாசகாரிப் போர்க்கப்பல் (destroyer) என்று எழுதப்பட்டு இணையத்தில் சுற்றிய அந்த வெள்ளைக் கப்பல் படத்தைப் பற்றி இனி ஒரு வரியும் எழுதுவதில்லை என்றே இருந்தேன். படத்தைப் போட்டது எந்தப் பக்கம், அதன் கீழ் யார் யார் என்னென்ன எழுதினார்கள், என் பின்னூட்டம் எப்படி நீக்கப்பட்டது, பிறகு என் முகத்தோடு சேர்த்து எந்தத் தலைப்பில் அது சுற்றவிடப்பட்டது என்பதெல்லாம் இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். அதையும் பொறுத்துக்கொண்டேன். ஆனால் நான் தூக்கி வளர்த்த ஒரு தம்பியே நேற்றிரவு இன்பொக்ஸில் வந்து, “அண்ணை, உங்களுக்கு நேவி சம்பளம் தருதோ?” என்று கேட்ட பிறகு பேசாமல் இருக்க மனம் ஒப்பவில்லை.

நான் எழுதியது மிகச் சிறியது. படத்தில் இருப்பது நாசகாரிக் கப்பல் இல்லை, கடலின் அடித்தளத்தை அளக்கும் நீரளவைக் கப்பல் என்று சொன்னேன். அதனாலேயே அதை ஒன்றுமில்லாத கப்பல் என்று தள்ளிவிடவும் கூடாது என்று சேர்த்துச் சொன்னேன். முதல் பாதிக்காக ஒரு தரப்பும் இரண்டாம் பாதிக்காக மறு தரப்பும் என்மேல் பாய்ந்தன. படத்தைக் கண் திறந்து பார்த்திருந்தால் போதும். முன்தளத்தில் பீரங்கி இல்லை. இரு பக்கமும் சிறிய அளவைப் படகுகள் தொங்கிக்கொண்டிருந்தன. நாசகாரி என்றால் எப்படி இருக்கும் என்று அறிய விரும்புவோர் அமெரிக்காவின் ஆர்லி பேர்க் வகையைப் பார்க்கலாம்: ஏறத்தாழ 155 மீட்டர் நீளம், 9000 தொன்னுக்கு மேற்பட்ட எடை, தளத்துக்குள் செங்குத்தாகப் புதைத்த ஏவுகணைக் கூடுகள் பெரும்பாலானவற்றில் 96. அதையும் இதையும் ஒன்றென்று எழுதியவருக்கு ஆயிரக்கணக்கில் விருப்பக்குறி விழுந்தது. வேறு என்று எழுதிய எனக்கு வசை விழுந்தது.

நீரளவைக் கப்பல் என்ன செய்கிறது? கப்பலின் அடியிலிருந்து விசிறிபோல் ஒலிக்கற்றைகளைக் கீழே அனுப்பி, அவை திரும்பி வரும் நேரத்தைக் கொண்டு கடற்தரையின் மேடு பள்ளங்களை வரைகிறது. கூடவே ஒவ்வோர் ஆழத்திலும் நீரின் வெப்பத்தையும் உப்புத்தன்மையையும் பதிவு செய்கிறது, ஏனென்றால் ஒலியின் வேகமும் வளைவும் அவற்றைப் பொறுத்தே மாறுகின்றன. இந்த விவரம் மாலுமியின் வரைபடத்துக்கும் உதவும். நீர்மூழ்கிக் கப்பல் எந்த அடுக்கில் ஒளியலாம், அதை எங்கிருந்து கேட்கலாம் என்று கணக்குப் போடுபவருக்கும் உதவும். திருகோணமலையின் கொட்டியாரக் குடாவிலிருந்து தொடங்கி ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழத்துக்கு இறங்கும் கடலடிப் பள்ளத்தாக்கின் வாயிலில் குடியிருக்கும் நமக்கு இது தொலைவான விஷயமா? 2022 ஓகஸ்ட்டில் அம்பாந்தோட்டைக்கு வந்த யுவான் வாங் 5, செய்மதிகளைப் பின்தொடரும் கப்பல். 2023 ஒக்டோபரில் கொழும்புக்கு வந்த ஷி யான் 6, ஆய்வுக் கப்பல். இந்தச் சீனக் கப்பல்கள் இரண்டும் உளவு பார்க்கின்றனவோ என்று எழுந்த பரபரப்புக்குப் பிறகுதான், 2024 தொடக்கத்திலிருந்து ஓராண்டுக்கு வெளிநாட்டு ஆய்வுக் கப்பல்களுக்கு இலங்கை அனுமதி நிறுத்தியது. எத்தனையோ போர்க்கப்பல்கள் வந்து போகும் நாட்டை உலுக்கியவை பீரங்கியை நம்பி வராத கப்பல்கள். இதைச் சொன்னால் நான் யாருடைய ஆள்?

என் வாதம் ஒன்றுதான். திரும்பத் திரும்பச் சொல்வேன். கடற்கரையில் வாழும் மக்கள் கப்பலை இனம்பிரித்து அறிந்திருக்க வேண்டும். அறிவது வேறு, கொண்டாடுவது வேறு. ஒரு கடற்படை என்றால் விமானந்தாங்கி, நாசகாரி, அதைவிடச் சிறிய பிரிகேட் (frigate) போர்க்கப்பல், நீர்மூழ்கி என்று எண்ணிவிட்டு நிறுத்துவது, கல்யாண வீட்டில் பந்தலை மட்டும் பார்த்துவிட்டு அடுப்படிக்குள் போகாமல் திரும்புவது போன்றது. பெரிய கப்பலுக்கு நடுக்கடலில் எண்ணெய் ஊட்ட எரிபொருட் கப்பல் வேண்டும். அது பெறும் கப்பலோடு சில பத்து மீட்டர் இடைவெளியில், ஒரே வேகத்தில், ஒரே திசையில் மணிக்கணக்காக ஓட வேண்டும். கண்ணிவெடி தேடும் கலம் வேண்டும், படையிறக்கும் கப்பல் வேண்டும், பயிற்சிக் கப்பல் வேண்டும். துறைமுகத்துக்குள் நுழைந்ததும் இழுவைப் படகு வேண்டும். திருகோணமலையிலிருந்து மூதூருக்கு லோஞ்சில் போகும்போது அந்த வேலையை நான் மிக அருகில் பார்த்திருக்கிறேன். மூக்கில் பழைய டயர்களைக் கட்டிக்கொண்ட சிறிய படகு, மாடி வீட்டை விட உயரமான இரும்புச் சுவரில் தலையை வைத்து முட்டும். அதன் எந்திரத்தின் குரல் தாழ்ந்து அடித்தொண்டைக்குப் போகும். பின்னால் தண்ணீர் சேறாகக் கொப்பளிக்கும். சிறிது நேரத்துக்கு எதுவுமே நகராது. பிறகு கப்பலின் வால் மெல்ல, மிக மெல்லத் துறைப்பக்கம் சாயும். அந்தப் படகை யாரும் படம் பிடித்துப் போடுவதில்லை.

இந்த ஊரின் கதையே இதற்குச் சாட்சி. என் அம்மப்பா பிரித்தானியர் காலத்தில் டொக்யார்டில் றிவெட் அடித்தவர். எங்களுக்குச் சாப்பாடு ஊட்டும் நேரத்தில் அவர் திரும்பத் திரும்பச் சொன்ன கதை, யப்பானியர் 1942 ஏப்ரல் 9ஆம் திகதி குண்டு போட்ட கதையில்லை. கப்பலை நீரிலிருந்து தூக்கிப் பழுது பார்க்கும் மிதக்கும் துறை உடைந்த கதை. 1944 ஓகஸ்ட் 8ஆம் திகதி, நமது துறைமுகத்திலே, 15 அங்குலப் பீரங்கிகள் எட்டைச் சுமந்த வலியன்ட் என்னும் பெரும் போர்க்கப்பலை மிதக்கும் துறையில் ஏற்றித் தூக்கும்போது, துறையின் நிறைநீர்த் தொட்டிகள் சமமாக வெளியேற்றப்படாததால் துறை உடைந்து மூழ்கியது. கப்பலின் சுக்கானும் உந்துவிசிறிகளும் சிதைந்தன. பழுது பார்க்க வேறிடம் தேடிச் சுயஸ் வரை போயும் கால்வாய்க்குள் நுழைய முடியாமல், ஆபிரிக்காவைச் சுற்றி இங்கிலாந்துக்குத் திரும்பிய அந்தக் கப்பல், பிறகு போர்முனையைக் காணவே இல்லை. இரண்டு உலகப் போர்களிலும் எதிரியால் ஒழிக்க முடியாத கப்பலை ஒரு துறையின் கோளாறு ஒழித்தது. அம்மப்பா அதைச் சொல்லும்போது, வலியன்டுக்காக வருந்தியதை விட அந்தத் துறைக்காகத்தான் அதிகம் வருந்துவார். பெரிய கப்பல் தனியாக நிற்பதில்லை என்பதை அவர் கைகள் அறிந்திருந்தன.

சரி, ஒரு நண்பர் கேட்டதற்கு வருகிறேன். “இலங்கையிடம் இருப்பது ஒரு கடற்படையா? எல்லாம் வெளிநாடுகள் கழித்த பழைய இரும்பு. இதற்கு இவ்வளவு விளக்கமா?” என்றார். பழைய கப்பல்கள் என்பது பெருமளவு உண்மை, மறுக்கவில்லை. கஜபாகு என்னும் கப்பல் 1968இல் அமெரிக்கக் கரையோரக் காவற்படையில் ஷேர்மன் என்ற பெயரில் சேவைக்கு வந்து, வியட்நாம் போரிலும் ஓடி, 2018இல் இலங்கைக்குத் தரப்பட்டது. விஜயபாகுவும் அதே வகை. பராக்கிரமபாகு சீனக் கடற்படையில் ஓடி முடித்த பிரிகேட். சயுரவை இந்தியா 2000ஆம் ஆண்டு தந்தது. சயுரால, சிந்துரால என்னும் ரோந்துக் கப்பல்கள் இரண்டும் கோவாவில் புதிதாகக் கட்டப்பட்டு 2017, 2018ஆம் ஆண்டுகளில் சேர்ந்தன. ஆனால் வயதைப் பார்த்துவிட்டு வேலையைப் பார்க்காமல் விடலாமா? கஜபாகுவில் ரோந்துக்கு டீசல் எந்திரங்களும் விரைவுக்கு வாயுச்சுழலிகளும் சேர்ந்தே இருக்கின்றன; நிரப்பிய எண்ணெயைக் கொண்டு பெருங்கடலைக் கடந்து போகவென்றே வடிவமைத்தது. 2007இல் கரையிலிருந்து 1000 கிலோமீட்டருக்கும் அப்பால் விடுதலைப் புலிகளின் ஆயுதக் கப்பல்கள் தேடி மூழ்கடிக்கப்பட்டபோது முன்னின்றவை, இரண்டாம் கையாக வாங்கிய சயுர, சமுத்துர போன்ற ரோந்துக் கப்பல்கள். சொல்ல வலிக்கிற உதாரணம்தான். ஆனால் “அவர்களிடம் ஒன்றுமில்லை” என்று நம்பிய எல்லோருக்கும் என்ன நடந்தது என்பதை நாம் வாழ்ந்து பார்த்தவர்கள். குறைத்து மதிப்பிடுவதை இன்னும் வீரம் என்று நினைப்பவர்களுக்கு நான் வேறு என்ன சொல்ல?

இராணுவ இரகசியம் என்று பயமுறுத்தியவருக்கு ஒரு வரி போதும்: இவை அனைத்தும் செய்தித்தாளில் வந்தவை.

அடுத்த கேள்விதான் என்னைத் தூங்க விடவில்லை. “எங்கள் கடலைப் பூட்டி வைத்த படையின் கப்பல்களைப் பற்றித் தமிழன் ஏன் படிக்க வேண்டும்?” ஐயா, பூட்டி வைத்த காரணத்தினாலேயே படிக்க வேண்டும். 1995 ஏப்ரல் 19ஆம் திகதி சூரய, ரணசுரு என்னும் கடற்படைப் பீரங்கிப் படகுகள் இதே துறைமுகத்தில் புலிகளால் மூழ்கடிக்கப்பட்டபோது போர் மீண்டும் மூண்டது. போர் ஆண்டுகளில் எத்தனை மணிக்குக் கடலுக்குப் போகலாம், எவ்வளவு தூரம் போகலாம், எத்தனை குதிரைவலு எந்திரம் பூட்டலாம் என்பதையெல்லாம் வேறு யாரோ தீர்மானித்தார்கள். எந்தக் கப்பல் எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்து அடுப்பு எரிந்த ஊர் இது. அந்த நாட்களில் கடலைப் பார்த்துக்கொண்டு கரையில் வலையைச் செப்பனிட்டவர்களின் பிள்ளைகளுக்கு, கப்பலைப் பற்றிப் பேசாதே என்று இன்று நீங்கள் கட்டளை இடுகிறீர்கள். அன்றைய தடை துப்பாக்கியோடு வந்தது. உங்கள் தடை கேலியோடு வருகிறது. எனக்கு இரண்டும் வலிக்கிறது, உங்களுடையது சொந்த வீட்டிலிருந்து வருவதால் கூடுதலாக வலிக்கிறது.

இன்றைய கடலையே எடுத்துக்கொள்ளுங்கள். கடலடியை வாரி மீன்பிடிக்கும் இழுவைமடித் தொழில் 2017ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடை செய்யப்பட்டது. ஆனாலும் வடக்கில் இந்திய இழுவைமடிப் படகுகள் வலைகளை அறுத்துக்கொண்டு போகின்றன. நமது பக்கத்தில் சுருக்குவலையும் வெடி வைத்து மீன்பிடிப்பதும் ஓயவில்லை. “நேவி என்ன செய்கிறது?” என்று எல்லோரும் கேட்கிறோம். நானும் கேட்கிறேன். எந்தக் கலத்தால் அதைச் செய்ய முடியும் என்று யாராவது கேட்கிறோமா? வளங்களை எடுக்கும் உரிமை நாட்டுக்கே உள்ள தனியுரிமைப் பொருளாதாரக் கடல் நிலப்பரப்பைப் போல ஏறத்தாழ எட்டு மடங்கு. அதிவேகத் தாக்குதல் படகு பாய்ந்து போய்ப் பிடிக்கும், ஆனால் எண்ணெயைக் குடித்துத் தள்ளும், நாட்கணக்காகக் கடலில் நிற்கக் கட்டப்பட்டதில்லை. ஆழ்கடல் ரோந்துக் கப்பல் வாரக்கணக்கில் நிற்கும், ஆனால் கரையோர ஆழமற்ற நீரில் ஃபைபர் படகைத் துரத்த அது சரிவராது. கரையோர ரோந்துக்குச் சிறிய கலங்களே வேண்டும். எது எங்கே குறைகிறது என்று அறிந்து கேட்கும் கடற்தொழிலாளர் சங்கத்துக்கு எந்த அதிகாரியும் பொய்க் காரணம் சொல்லித் தப்ப முடியாது. அறியாமல் கத்தினால் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். பல கூட்டங்களில் அதைத்தான் பார்த்தேன்.

இன்னும் ஒன்று. இதை எழுதும்போது கை நடுங்குகிறது. 2009இல் போரின் இறுதி மாதங்களில், முல்லைத்தீவுக் கரையிலுள்ள புதுமாத்தளனிலிருந்து காயப்பட்டவர்களைச் செஞ்சிலுவைச் சங்கம் கடல்வழியாகத் திருகோணமலைக்கும் பிறகு புல்மோட்டைக்கும் கொண்டுவந்தது. கொண்டுவந்த கப்பல் எது? வாடகைக்கு அமர்த்திய கிறீன் ஓஷன் என்ற பயணிகள் கப்பல். ஆயிரக்கணக்கானோர், குழந்தைகளும் கர்ப்பிணிகளும், அதன் தளத்தில் கிடந்து வந்தார்கள். அத்தனை ஆண்டுப் போருக்காக வாங்கிச் சேர்த்த கப்பல்களுக்கு நடுவே ஒரு மருத்துவமனைக் கப்பல் இருக்கவில்லை. 2018இல் அமெரிக்காவின் மேர்சி என்ற மருத்துவமனைக் கப்பல் நமது துறைமுகத்துக்கு வந்தபோது அது பழைய எண்ணெய்க் கப்பலின் உடலில் 1000 படுக்கைகளோடு அமைக்கப்பட்டது என்று படித்துவிட்டு, புல்மோட்டையை நினைத்து நான் அழுதேன். அவ்வளவு பெரிதாக வேண்டியதில்லை. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு இந்தியா தன் நிருபக் என்ற கப்பலைத்தான் மருத்துவமனையாக மாற்றி இந்தோனேசியாவுக்கு அனுப்பியது. நிருபக் எந்த வகைக் கப்பல் தெரியுமா? நீரளவைக் கப்பல்.

இனி இந்த நாட்டுக்கு எந்தக் கப்பல் வாங்கப்பட்டாலும், அதில் சத்திரசிகிச்சைக் கூடம் உண்டா, எத்தனை நோயாளர்களைக் கிடத்தலாம் என்று கிழக்கின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் எழுந்து கேட்க வேண்டும். அப்படிக் கேட்க அவர்களை நெருக்க வேண்டியவர்கள் கரையோரத்தில் இருக்கும் நாம். அதற்காகத்தான் இவ்வளவையும் எழுதினேன். விருப்பமுள்ளவர்கள் இந்தப் பதிவைத் தங்கள் பகுதி உறுப்பினருக்கு அனுப்புங்கள், திட்ட விரும்புபவர்கள் என் பெயரோடு இங்கேயே திட்டுங்கள், ஒன்றையும் நீக்க மாட்டேன்.