ஒநேசிமு என்று பேர் வைத்தவர்

"அந்தக் காலத்துல எல்லாருமே அப்படித்தான்பா." அமெரிக்க அடிமை முறை பற்றிப் பேச்சு வந்தால் யாராவது ஒருத்தர் இதைச் சொல்லிவிடுகிறார். எனக்கு எரிச்சல் வரும். எல்லாரும் அப்படி இல்லை என்பதை அந்தக் காலத்து ஆட்களே அச்சடித்து வைத்திருக்கிறார்கள். நம்மூர் பஸ் ஸ்டாண்டில் கையில் திணிப்பார்களே கைப்பிரதி, கிட்டத்தட்ட அந்த மாதிரிச் சின்னச் சின்னப் பிரசுரங்களில்.

1700, பாஸ்டன். சாமுவேல் சூவல் என்று ஒரு நீதிபதி. (நம்மூர் சேலம் இல்லை) அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸில் உள்ள சேலத்தில் சூனியம் வைத்ததாகச் சொல்லி 1692-ல் ஆட்களைத் தூக்கில் போட அனுப்பிய நீதிமன்றத்தில் உட்கார்ந்திருந்தவர். 1697-ல் தன் மன்னிப்புக் கடிதத்தைப் போதகர் வாசிக்க, சபை நடுவில் எழுந்து நின்றவரும் இவர்தான். இவர் அடிமை முறைக்கு எதிராக மூன்றே பக்கத்தில் ‘யோசேப்பின் விற்பனை’ என்று ஒன்று எழுதினார். பைபிளில் வரும் யோசேப்பை இருபது வெள்ளிக்காசுக்கு அடிமையாக விற்க அவன் அண்ணன்மாருக்கு என்ன உரிமை இருந்தது? விற்றவனுக்கே உரிமை இல்லை என்றால் வாங்கினவனுக்கு மட்டும் எங்கிருந்து வந்தது? கறுப்பர்கள் நோவாவின் மகன் காமின் வம்சம், அந்தச் சாபத்தால்தான் அடிமைகள் என்கிறீர்களே, நோவா சபித்தது காமின் மகன் கானானைத்தானே? கிறிஸ்தவ நாட்டுக்குக் கொண்டுவந்து அவர்களுக்கு நல்லதுதானே செய்தோம் என்றால், நன்மை வரட்டும் என்று தீமை செய்யலாமா? பின்னால் வந்தவர்கள் நூற்றைம்பது வருஷம் திருப்பித் திருப்பிச் சொன்ன சமாதானம் பலவற்றுக்கும் அவர் அன்றைக்கே பதில் சொல்லியாகிவிட்டது. (அதே தாளில், இந்தக் கறுப்பர்கள் நம்மோடு ஒருபோதும் கலக்க முடியாது என்றும் எழுதியிருக்கிறார். மனுஷனைப் பெரிய மகானாக்க வேண்டாம்.)

ஜான் சாஃபின் என்ற இன்னொரு நீதிபதி மறு வருஷமே மறுப்பு எழுதி அச்சடித்தார். ஏழு வருஷம் கழித்து விடுவிப்பதாக ஆதாம் என்கிற அடிமைக்கு வாக்குக் கொடுத்துவிட்டு, கெடு வந்ததும் மாட்டேன் என்றவர் அவர். ஆக, இறையியல் சண்டைக்கு அடியில் ஒரு சொத்துத் தகராறு.

ஆனால் சாஃபினை விட என்னை அதிகம் தொந்தரவு செய்கிறவர் காட்டன் மேதர். பெரிய போதகர். 1706-ல் அடிமைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்கச் சொல்லி அவர் போட்ட பிரசுரத்தைப் படித்தால் முதலில் மனசு இளகும். கடவுள் தோலின் நிறம் பார்க்கிறவரா என்று கேட்கிறார், அவர்களுக்கும் ஆத்துமா உண்டு என்று அடித்துச் சொல்கிறார். சரி, நல்ல மனுஷன் என்று நினைக்கும்போதே எஜமான்கள் பக்கம் திரும்பி, பயப்படாதீர்கள், ஞானஸ்நானம் கொடுத்தால் அடிமை விடுதலையாகிவிடமாட்டான், இன்னும் நன்றாக வேலை செய்வான் என்கிறார். வெறுத்து எழுதியவனை அடையாளம் கண்டுகொள்ளலாம். அன்பாகப் பேசிக்கொண்டே விலங்கைப் பூட்டுகிறவரை என்ன செய்வது?

அதே வருஷக் கடைசியில் சபையார் அவருக்கு ஒரு ஆளையே பரிசாகக் கொடுத்தார்கள். மேதர் அவனுக்கு ஒநேசிமு என்று பேர் வைத்தார். பைபிளில், எஜமான் பிலேமோனை விட்டு ஓடிவந்த அடிமையை அப்போஸ்தலர் பவுல் ஒரு நிருபம், அதாவது கடிதம், கொடுத்து அவனிடமே திருப்பி அனுப்புவாரே, அதே ஒநேசிமு! பெரியம்மை வராமலிருக்க, அம்மை கண்டவரின் கொப்புளச் சீழைத் தோலில் கீறி வைக்கிற முறை ஒன்று உண்டு; ஆப்பிரிக்காவில் தனக்கு அப்படிச் செய்த விதத்தை மேதருக்குச் சொன்னது இந்த ஆள்தான். 1721-ல் பாஸ்டனில் பெரியம்மை பரவியபோது மேதர் அந்த முறைக்காக ஊரையே எதிர்த்து நின்றார். ஒநேசிமுவோ அதற்கு முன்பே, 1716-ல், தன் இடத்துக்கு இன்னொரு அடிமையை வாங்கப் பணம் கொடுத்துத்தான் ஓரளவு விடுதலை பெற வேண்டியிருந்தது.

அப்புறம் பிலேமோன் நிருபம் இன்னொரு இடத்தில் வருகிறது. 1833, ஜார்ஜியா. அங்கே அடிமைக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுப்பது குற்றம், அதனால் வாய்மொழியாக வினாவிடை சொல்லிக்கொடுக்கச் சார்ல்ஸ் ஜோன்ஸ் என்ற போதகர் தனிப் புத்தகமே போட்டார். அவரும் அடிமைகளை வைத்திருந்தவர்தான். ஒரு நாள் இந்த நிருபத்தை எடுத்து, ஓடிப்போவது பாவம், பவுலே சொல்லியிருக்கிறார் என்று பிரசங்கம் பண்ணியிருக்கிறார். கூட்டத்தில் பாதிப் பேர் நிதானமாக எழுந்து நடந்துவிட்டார்கள். அப்படி ஒரு நிருபம் பைபிளிலேயே கிடையாது என்று சிலர் சொன்னார்களாம். இது சுவிசேஷமே இல்லை என்று சிலர், எஜமான்களைக் குளிர்விக்கப் பேசுகிறார் என்று சிலர். இதையெல்லாம் எழுதி வைத்ததும் ஜோன்ஸேதான்.