பச்சை டிக்கை நம்பி ஊருக்குக் கிளம்பாதீர்கள்

பொங்கலுக்கு முந்தின நாள் பரனூர் சுங்கச்சாவடி வரிசையில் நிற்கிற கார்களுக்குள் கொஞ்சம் எட்டிப் பாருங்கள். ஓட்டுகிறவர் மேப்பைத் தேய்த்துக்கொண்டிருப்பார். பக்கத்து சீட்டில் இருப்பவர் ஃபாஸ்டேகில் பணம் ஏற்ற ஓடிபி வருமா என்று போனையே வெறித்துக்கொண்டிருப்பார். கார்ட்டூன் பாதியில் நின்றுபோன ஆத்திரத்தில் பின்சீட்டுப் பிள்ளை முன்சீட்டை உதைத்துக்கொண்டிருக்கும். திருநெல்வேலி போய்ச் சேர இன்னும் ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது, அதற்குள் காருக்குள்ளே சண்டை. முந்தின ராத்திரி வீட்டு வைஃபையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, வேண்டியதையெல்லாம் போனில் இறக்கிவைத்து, நெட் இல்லாமல் திறக்கிறதா என்று பார்த்திருந்தால் இதில் ஒன்றுகூட நடந்திருக்காது. வருஷா வருஷம் இதே கூத்து. பார்க்கப் பார்க்க வயிறு எரிகிறது.

"நாலு கோடு காட்டுதே, ஏன் நெட் வரலை?" என்று கேட்காத ஆள் இல்லை. அந்தக் கோடு டவரிலிருந்து வரும் அலையின் பலத்தை மட்டும்தான் சொல்லும். அந்த டவரை இன்னும் எத்தனை பேர் இழுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று சொல்லாது. பண்டிகைக் கூட்டத்தில் ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கான போன்கள் நின்றால் கோடு முழுசாக இருக்கும், டேட்டா மட்டும் நகராது. நாலுவழிச்சாலையை விட்டுக் கிராமத்து ரோட்டில் இறங்கினால் கதை தலைகீழ். அங்கே போட்டிக்கு ஆளில்லை, ஆனால் டவரே எட்டத்தில் இருக்கும். இரண்டு இடத்திலும் போனைத் தட்டியும் உதறியும் ஒரு பிரயோஜனமும் கிடையாது.

மேப் விஷயத்தில்தான் பெரிய ஏமாற்று. வீட்டில் நெட் இருக்கும்போது வழி போட்டுக் கிளம்புகிறீர்கள். நடுவில் நெட் போனாலும் நீலக் கோடு அப்படியே இருக்கிறது, அம்புக்குறி நகர்கிறது. உடனே "நெட் இல்லாமலே வேலை செய்யுது" என்று நம்பிவிடுகிறோம். அது வேலை செய்யவில்லை. கிளம்பும்போது வாங்கிவைத்த ஒரே ஒரு வழியை ஒப்பித்துக்கொண்டிருக்கிறது. மேம்பாலத்தில் ஏறுவதற்குப் பதிலாக சர்வீஸ் ரோட்டில் இறங்கிவிட்டால் புது வழி கணக்குப் போட அதற்குச் சாலை விவரம் வேண்டும், அது போனில் இல்லை. வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். அப்போதுதான் வண்டியை ஓரங்கட்டுவதும், ரிவர்ஸ் எடுப்பதும், எதிர்த்திசையில் வருவதும். நூறில் லாரி வருகிற ரோட்டில் ரிவர்ஸ்! உயிரோடு விளையாடுகிற வேலை அது. நெட் இருந்தாலுமே பாலமும் சர்வீஸ் ரோடும் ஒட்டி ஓடுகிற இடத்தில் ஜிபிஎஸ்ஸுக்கு எது எதென்று தடுமாற்றம் வரும், ஏனென்றால் வெட்டவெளியிலேயே அதன் குறி சில மீட்டர் முன்னே பின்னே விழும். அங்கே போனை விட்டுவிட்டுத் தலைக்கு மேலே இருக்கிற பச்சைப் பலகையைப் படியுங்கள்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். கூகுள் மேப்ஸில் உங்கள் ப்ரொஃபைல் படத்தைத் தட்டி, ஆஃப்லைன் மேப்ஸுக்குள் போய், கட்டத்தை இழுத்துப் பதிவிறக்குங்கள். சென்னையிலிருந்து ஊர் வரைக்கும் ஒரே கட்டத்தில் அடங்கவில்லையென்றால் இரண்டாகப் போடுங்கள், ஆனால் நடுவில் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்க வேண்டும். இடைவெளி விழுந்தால் வழி அறுந்துவிடும். கிளம்புகிற இடம், சேருகிற இடம், நடுவில் உள்ள ரோடு எல்லாமே கட்டத்துக்குள் இருக்கணும். ஆஃப்லைனில் கார் வழி மட்டும்தான் வரும், நெரிசல் தெரியாது, மாற்றுவழி காட்டாது, இதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஊருக்குத் திரும்புகிற முக்கு, குலதெய்வக் கோயில், மாமா வீடு மூன்றையும் தனித்தனியாகக் குறித்துச் சேமித்துவிடுங்கள், கடைசி ஐந்து கிலோமீட்டரில்தான் எல்லாரும் தொலைகிறார்கள். முழுக்க ஆஃப்லைனிலேயே இயங்குகிற மேப் ஆப்களான ஆர்கானிக் மேப்ஸ், ஆஸ்ம்அண்ட் இரண்டில் ஒன்றையும் துணைக்கு ஏற்றிக்கொண்டால் இன்னும் நல்லது.

அதோடு முடியவில்லை. போனை ஏரோப்ளேன் மோடில் போடுங்கள், வைஃபையும் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். இப்போது வீட்டிலிருந்து ஊருக்கு வழி கேளுங்கள். கோடு விழுந்தால்தான் மேப் இருக்கிறது என்று அர்த்தம். ஜிபிஎஸ் செயற்கைக்கோளிலிருந்து நேரே வருவது, அதற்கு நெட் தேவையில்லை. நெட் உதவி இல்லாதபோது முதல் தடவை இடம் பிடிக்க அரை நிமிஷம், ஒரு நிமிஷம் கூட ஆகலாம், அதுவும் கூரைக்கு அடியில் பிடிக்காது. மொட்டைமாடிக்குப் போங்கள். இந்த இரண்டு நிமிஷச் சோதனையை ஒருத்தரும் செய்வதில்லை. கேட்டால் "அதெல்லாம் டவுன்லோடு ஆயிடுச்சுங்க, டிக் வந்துடுச்சு" என்பார்கள்.

அந்த டிக்! பாட்டு ஆப்பிலும் வீடியோ ஆப்பிலும் இருக்கிற அந்தப் பச்சை டிக் ஒரு அப்பட்டமான பொய். பதிவிறக்கிய பாட்டு உங்கள் போனில்தான் இருக்கிறது, சாவி அவர்களிடம் இருக்கிறது. குறிப்பிட்ட நாளுக்கு ஒரு தடவை நெட்டில் வந்து முகம் காட்டாவிட்டால் கதவைச் சாத்திவிடுவார்கள். பல ஆப்களில் அது 30 நாள். சில படங்களுக்கு ப்ளே பட்டனை அமுக்கியதிலிருந்து 48 மணி நேரம்தான் ஆயுசு. போகும்போது பிள்ளை பாதி பார்த்த படம், நாலு நாள் கழித்துத் திரும்பி வரும்போது திறக்காது. காசு கட்டி, நம் டேட்டாவில் இறக்கி, நம் போனில் இடமும் கொடுத்து வைத்திருக்கிற பொருள் நடுரோட்டில் நம்மையே "நீ யாரு?" என்று கேட்கிறது. இதைவிட அக்கிரமம் உண்டா?

அதனால் ஏரோப்ளேன் மோடிலேயே ஒவ்வொரு தொகுப்பிலிருந்தும் ஒரு பாட்டைப் பத்து வினாடி ஓடவிட்டுப் பாருங்கள். பிள்ளையின் படத்தைப் பிள்ளையின் ப்ரொஃபைலிலேயே திறந்து பாருங்கள். நிம்மதி வேண்டுமென்றால் சொந்த எம்பி3 கோப்புகள், ஒரு பென் டிரைவ். 32 ஜிபி போதும், அதை ஃபார்மேட் செய்யும்போது ஃபேட்32 என்கிற வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். என்டிஎஃப்எஸ் என்கிற இன்னொரு வடிவத்தில் இருந்தால் பல கார் ஸ்டீரியோக்கள் படிக்காது.

ஆவணங்களிலும் இதே வேலை நடக்கிறது. கேலரியில் இன்ஷூரன்ஸ் படம் தெரியும். "இடம் மிச்சம் பிடிக்கிறேன்" என்று அசலை கிளவுடுக்கு அனுப்பிவிட்டு, தபால்தலை அளவுக்கு ஒரு நிழலை மட்டும் போனில் விட்டுவைத்திருக்கும். போலீஸ்காரர் முன்னால் நின்று பெரிதாக்கினால் எல்லாம் மங்கல். அரசின் ஆவண ஆப்பான டிஜிலாக்கரில் இருப்பது 2018-இலிருந்து சட்டப்படி செல்லும், ஆனால் அதைத் திறக்க நெட் வேண்டுமே. பிடிஎஃப்பாக இறக்கி போனுக்குள்ளேயே வைத்துவிடுங்கள். ஃபாஸ்டேக் ஸ்டிக்கருக்கு உங்கள் போனும் வேண்டாம், பேட்டரியும் வேண்டாம், சாவடிக் கருவியின் அலையிலேயே அது பேசிவிடும். அதில் காசு மட்டும் இருந்தால் போதும், அந்தக் காசை ராத்திரியே ஏற்றுங்கள். சட்டைப்பையில் நூறும் ஐம்பதுமாக ஒரு இரண்டாயிரம் ரூபாய். பனங்கிழங்கு விற்கிற அம்மாவிடம் போய் "சர்வர் டவுன்" என்று சொல்லிக்கொண்டிருக்காதீர்கள்.

கண்ணாடியில் ஒட்டிய போன் கொதிப்பதும் இந்த நெட் தேடலால்தான். சிக்னல் குறையக் குறைய போன் இன்னும் உரக்கக் கத்துகிறது, மேலே வெயில், கீழே சார்ஜர். திரை மங்கும், சார்ஜ் ஏறுவது நிற்கும். ஏரோப்ளேன் மோடில் போட்டு, ஏசி காற்று வருகிற துளையில் மாட்டுங்கள். பழைய காரின் யுஎஸ்பி ஓட்டையில் அரை ஆம்பியர்தான் வரும், மேப்புக்கே அது பற்றாது. சிகரெட் லைட்டர் ஓட்டையில் சொருகுகிற சார்ஜர் வாங்குங்கள்.

எல்லாவற்றையும்விட ஆத்திரம் வருவது வேறொன்றுக்கு. இந்த நெட் தேடலில் ஒரு ரோடே கண்ணில் படாமல் போகிறது. மதுராந்தகம் ஏரி ததும்பிக் கிடக்கும், யாரும் தலை தூக்க மாட்டார்கள். கும்பகோணத்துக்குச் சம்பந்தமே இல்லாத இடத்தில் வரிசையாக நிற்கிற 'கும்பகோணம் டிகிரி காபி' பலகைகளை எண்ணுவதே பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டு. பெரம்பலூருக்கு முன்னால் ரஞ்சன்குடிக் கோட்டை ரோட்டுக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. பெரம்பலூர்ப் பக்கம் மக்காச்சோளத்தை ரோட்டோரமே காயப்போட்டிருப்பார்கள், ஓட்டுகிறவர் கண் அங்கே இருந்தே ஆகணும், அதன்மேல் பிரேக் பிடித்தால் டயர் வழுக்கும். விராலிமலையில் முருகனுக்குச் சுருட்டு படைக்கிறார்கள் என்று பிள்ளையிடம் சொல்லிப் பாருங்கள், மதுரை வரைக்கும் கேள்வி ஓயாது. ஒத்தக்கடையில் யானைமலை நிஜமாகவே படுத்த யானைதான். கட்டிக்கொண்டிருக்கிற வீட்டு வாசலில் வைக்கோல் திணித்த திருஷ்டி பொம்மை தொங்கும். பழைய பேண்ட், முழுக்கைச் சட்டை, பூசணிக்காய்த் தலை, கரியில் மீசை, சட்டைப்பையில் சில நேரம் பேனா கூட. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு முகம், ஒன்று போல் ஒன்று இருக்காது. கயத்தாறில் 1799 அக்டோபர் 16 அன்று தூக்கிலிடப்பட்ட கட்டபொம்மனின் சிலை. அதைத் தாண்டியதும் காற்றாலைகள்.

மைல்கல்லையாவது பாருங்கள், அது உயிர் காக்கும். மஞ்சள் தலை தேசிய நெடுஞ்சாலை, பச்சை மாநில நெடுஞ்சாலை. நடுவில் 200 மீட்டருக்கு ஒன்றாகக் குட்டிக் கற்கள் நிற்கும். தேசிய நெடுஞ்சாலையில் வண்டி நின்றால் அதன் உதவி எண்ணான 1033-ஐக் கூப்பிட்டு, கல்லில் இருக்கிற எண்ணைச் சொன்னால் போதும், லொகேஷன் அனுப்ப நெட் தேட வேண்டாம். ஏரோப்ளேன் மோடை எடுத்துவிட்டுக் கூப்பிடுங்கள்.

ஆப் செய்கிறவர்களுக்கு ஒரே வார்த்தை. அந்தப் பச்சை டிக்குக்குப் பக்கத்தில், இது எந்தத் தேதி வரைக்கும் நெட் இல்லாமல் திறக்கும் என்று எழுதுங்கள். பால் பாக்கெட்டில் போடுகிறார்களே, அதே மாதிரி.