நம்ம வீட்டு வெயில்

"ஒளிப்பதிவு சூப்பர், ஒவ்வொரு ஃபிரேமும் ஓவியம்." எந்தப் படம் வந்தாலும் இந்த வரியைப் படித்துவிடுகிறேன். படிக்கும்போதெல்லாம் மனசு ஒப்புவதில்லை. சினிமா பார்த்து நான் அழுத இடங்களை ஒவ்வொன்றாக யோசித்துப் பார்க்கிறேன். அங்கெல்லாம் ஃபிரேம் அழகாக இருந்ததா என்று கேட்டால் எனக்கு ஞாபகமே இல்லை. அந்த ஆளின் முகம் ஞாபகம் இருக்கிறது, அந்த அறை ஞாபகம் இருக்கிறது, அந்த நேரத்து வெளிச்சம் ஞாபகம் இருக்கிறது.

எனக்குத் தெரிந்து ஒளிப்பதிவைப் பற்றிச் சரியாகப் பேசிய முதல் ஆள் என் அம்மா. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது தூர்தர்ஷனில் பாலு மகேந்திரா இயக்கி, ஒளிப்பதிவும் செய்த 'வீடு' போட்டார்கள். அந்த நேரத்தில் எங்கள் வீடும் பாதியில்தான் நின்றது. கான்கிரீட் போட்டாயிற்று, பூச்சு வேலைக்குப் பணம் இல்லை. ஜன்னலுக்குச் சாக்கு கட்டிவிட்டு, வாடகை மிச்சம் என்று குடிவந்துவிட்டோம். டிவி கருப்பு வெள்ளை. படத்தில் அந்தத் தாத்தா கட்டி முடியாத வீட்டைப் பார்க்கத் தனியாக வரும் காட்சி ஓடிக்கொண்டிருந்தது. அம்மா முறத்தை மடியில் வைத்தபடி சொன்னாள்: "நம்ம வீட்டுல விழற வெயில் மாதிரியே இருக்குல்ல?"

அவளுக்கு ஒளிப்பதிவு என்ற சொல்லே தெரியாது. வண்ணப் படத்தைக் கருப்பு வெள்ளையில் பார்த்தவளுக்கு வெயில் தெரிந்தது!

அந்தக் காட்சியை நினைத்துப் பாருங்கள். தாத்தாவாக நடித்த சொக்கலிங்க பாகவதர் குடையோடு வருகிறார். வீட்டுக்குள் நுழைகிறார். சுவரைத் தடவிப் பார்க்கிறார். பேச்சு கிடையாது, இளையராஜாவின் இசை மட்டும். திரும்பும் வழியிலேயே அவர் இறந்துபோகிறார். இசைதான் நம்மை அழவைத்தது என்று நானும் வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். ஒருநாள் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தேன், அப்போதும் தொண்டை அடைத்தது. கதவும் ஜன்னலும் இல்லாத திறப்புகள் வழியாக வரும் பகல் வெளிச்சம், பூசாத சுவரில் பட்டு அப்படியே மங்கிவிடுகிறது. பூசாத சுவர் வெளிச்சத்தைத் திருப்பித் தராது, குடித்துவிடும். அப்படி ஒரு வீட்டில் குடியிருந்தவர்களுக்கு இது தெரியும். அந்த வெளிச்சத்தில் நிற்கும் கிழவரைப் பார்த்ததும், அவர் யார், என்ன கனவு என்று யாரும் சொல்லாமலே நாம் அவர் பக்கத்தில் போய் நின்றுவிடுகிறோம்.

இதுதான் என் கட்சி. வசனம் தொடங்குவதற்கு முன்பே, இந்தக் கதையை நம்பலாமா வேண்டாமா என்று வெளிச்சத்தைப் பார்த்தே நாம் முடிவு செய்துவிடுகிறோம். முடிவு செய்கிறோம் என்பது நமக்கே தெரியாது, அவ்வளவுதான்.

ஸ்டுடியோ காலத்தில் பரணிலிருந்து விளக்குகளைத் தொங்கவிட்டு, முகத்துக்கு ஒன்று, நிழலைப் போக்க ஒன்று, தலைமுடி மினுங்கப் பின்னாலிருந்து ஒன்று என்று போடுவார்கள். குடிசையில் ஒரு சிம்னி விளக்குதான் எரியும், ஆனால் கதாநாயகியின் முகத்தில் பத்து விளக்கு வெளிச்சம் இருக்கும். அதற்காக அந்தக் காலத்து ஒளிப்பதிவாளர்களை நான் குறைத்துப் பேசமாட்டேன். 1957-ல் 'மாயா பஜாருக்காக' மார்க்கஸ் பார்ட்லி உண்டாக்கிய நிலவொளியை இன்றைக்குப் பார்த்தாலும் உடம்பு குளிர்கிறது. செயற்கை வெளிச்சம்தான். ஆனால் 'ஆஹா இன்ப நிலாவினிலே' பாட்டுக்கு அந்த நிலா வேண்டியிருந்தது.

அதற்கு முந்தின வருடம் வங்காளத்தில் நடந்தது எனக்கு இன்னும் பிடித்த கதை. சத்யஜித் ராயின் 'அபராஜிதோ'. காசியில் நாலு பக்கமும் வீடு சூழ்ந்த ஒரு முற்றத்தைக் கல்கத்தா ஸ்டுடியோவில் செட் போட வேண்டிவந்தது. அப்படிப்பட்ட முற்றத்தில் வெயில் நேராக இறங்காது. வானத்து வெளிச்சம் மட்டும் மேலேயிருந்து மெதுவாகக் கசியும், நிழல் விழாது. ஸ்டுடியோ விளக்கைப் போட்டாலோ கறுப்பாக நிழல் விழும். ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா என்ன செய்தார்? முற்றத்துக்கு மேலே வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி, விளக்குகளை எல்லாம் அந்தத் துணியை நோக்கித் திருப்பிவிட்டார். துணியில் பட்டுத் திரும்பிய வெளிச்சம் வானமாக இறங்கியது. இன்று நம் ஊர் ஷூட்டிங்கில் லைட்மேன் தெர்மோகோல் அட்டையைத் தூக்கிப் பிடித்து வெளிச்சத்தைத் திருப்பி விடுகிறாரே, அதற்குப் பின்னால் இருப்பதும் அதே யோசனைதான். அந்த முற்றம் செட் என்று யாராவது சொன்னால்தான் தெரியும். அப்பாவை இழக்கப்போகும் ஒரு பையனின் வீட்டை நாம் துளியும் சந்தேகப்படாமல் நம்பியது அந்தத் துணியால்.

பாலு மகேந்திராவிடம் எனக்குப் பிடித்தது, இருட்ட வேண்டிய மூலையை இருட்டாகவே விட்டுவிடும் தைரியம். மட்டக்களப்பில் பிறந்து, புனே திரைப்படக் கல்லூரியில் படித்து வந்தவர். 1978-ல் 'முள்ளும் மலரும்' மூலமாகத் தமிழுக்கு ஒளிப்பதிவாளராக வந்தார். 1982-ல் வந்த 'மூன்றாம் பிறை' ஒளிப்பதிவுக்குத் தேசிய விருது வாங்கினார். அதன் கடைசிக் காட்சியைப் பற்றிப் பேசினால் எல்லோரும் கமலின் நடிப்பைச் சொல்வார்கள், சரிதான். ஆனால் அந்தக் கேத்தி ரயில் நிலையத்தில் நல்ல வெயில் அடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? சாம்பல் பூத்த மாதிரி ஒரு வெளிச்சம், மழை, சேறு. பழைய நினைவு திரும்பி அவனை மறந்துவிட்ட ஸ்ரீதேவி, ரயில் பெட்டிக்குள் நனையாமல் உட்கார்ந்திருக்கிறாள். வெளியே நனைந்துகொண்டே குட்டிக்கரணம் போடுகிறான் அவன். நடுவில் ஒரு ஜன்னல். அவள் உலகம் வேறு, இவன் உலகம் வேறு என்பதை அந்த ஜன்னலே சொல்லிவிடுகிறது.

இயற்கை வெளிச்சம் மட்டும்தான் உசத்தியா என்று கேட்டால், இல்லை. 'நாயகன்' படத்தில் பி.சி. ஸ்ரீராம் முகங்களைப் பாதி இருட்டில் நிறுத்தினார். ஊரே கும்பிடும் ஒருவரின் முகத்தில் பாதி நமக்குத் தெரியவில்லை என்றால், அவர் நல்லவரா கெட்டவரா என்ற கேள்வி நமக்குள் தானாக எழும். அந்த இருட்டுக்கு ஒரு காரணம் இருந்தது. நான் கேட்பது அந்தக் காரணத்தைத்தான்.

இன்று பல படங்களில் அது இல்லை என்பதுதான் என் வருத்தம். கிராமம் என்றால் டிஐ-யில், அதாவது படம் எடுத்தபின் கம்ப்யூட்டரில் நிறம் மாற்றும் வேலையில், எல்லாவற்றையும் மஞ்சளாக்கிவிடுகிறார்கள். நகரத்து இரவு என்றால் ஒரு பக்கம் நீலம், ஒரு பக்கம் ஆரஞ்சு. சாவு வீட்டுக்கு மேலே டிரோன் ஏறுகிறது. ஒப்பாரி வைப்பவளின் பக்கத்தில் உட்கார வேண்டிய நேரத்தில் பறவை மாதிரி மேலே போய் ஊரைச் சுற்றிப் பார்த்தால், எனக்கு எப்படி அழுகை வரும்? கேமரா எவ்வளவு கிட்ட நிற்கிறது என்பதும் ஒரு மரியாதை. துக்கம் கேட்கப் போனவர் எங்கே நிற்பாரோ அங்கே நின்றால் போதும். இத்தனைக்கும் இன்றைய டிஜிட்டல் கேமராவில் ஒரு மெழுகுவர்த்தி வெளிச்சமே போதும். அன்று ஃபிலிமில் அந்த வசதி கிடையாது. அளந்து அளந்து வெளிச்சம் போட்டவர்கள் செய்ததை, இவ்வளவு வசதி இருந்தும் ஏன் விட்டுவிடுகிறோம்?

பாலு மகேந்திரா 2014 பிப்ரவரியில் மறைந்தார். 'வீடு' உட்படத் தன் படங்கள் சிலவற்றின் நெகட்டிவ்களே இல்லாமல் போய்விட்டன என்று வருந்திச் சொன்னவர் அவர். தமிழ் சினிமாவுக்கு ஓர் ஆவணக் காப்பகம் வேண்டும் என்று கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார். இணையத்தில் நாம் பார்ப்பவை பெரும்பாலும் தேய்ந்த பிரதிகளிலிருந்து எடுத்தவை.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது அம்மாவுக்கு அந்தப் படத்தை யூடியூபில் எடுத்து, புது டிவியில் போட்டுக் காட்டினேன். தாத்தா வீட்டுக்குள் நுழைந்தார். ஜன்னல் பக்கம் முழுக்க வெளுத்துப்போய், வெள்ளையாகக் கிடந்தது. கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கருப்பு வெள்ளையில பார்த்தப்பவே வெயில் தெரிஞ்சுதே. இப்ப எங்கடி போச்சு?"